இஸ்திரி மேசையில் கிளம்பிய ட்ரோன்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது நாலு வரி எழுதுவார்கள் என்று காத்திருந்து அலுத்துவிட்டது. இந்த ஊரில் பாதிக் கூரைகள் இவர் கை பட்டவை. ஒழுகாதவரை கூரையை யார் நினைக்கிறார்கள்? ஒழுகினால்தான் "கூரைக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். அதனால் நானே எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் வரும். அதை மறைக்கப்போவதில்லை. ஏற்கெனவே இரண்டு நாள் மறைத்துப் பார்த்தாயிற்று, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

இவரை நான் முதலில் பார்த்ததே தலைக்கு மேலேதான். எங்கள் அப்பா வீட்டில் ஒழுகல். அடுப்படியில் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே கையைக் காட்டி, "இங்கதாம்பா" என்றார் அப்பா. இவர் ஏறினார். அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எட்டடி தள்ளிப் போய்க் குனிந்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"ஏம்பா, நான் சொல்ற எடம் என்ன, நீ பாக்கற எடம் என்ன?"

"தண்ணி விழற எடம் வேற, நுழையற எடம் வேற பெரியவரே. விழற எடத்த எல்லாரும் பாப்பாங்க. நுழையற எடத்தத்தான் தேடணும்."

அப்பாவையே ஒருத்தர் வாயடைக்க வைத்தாரே என்று கீழே நின்ற நான் சிரித்துவிட்டேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒழுகல் அன்றைக்கே நின்றுவிட்டது. ஆனாலும், "சரியா நின்னுச்சான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று இன்னும் மூன்று தடவை வந்தார். மூன்றும் மழையே இல்லாத மாதங்கள். மூன்றாவது தடவை அப்பாவுக்கே விளங்கிவிட்டது.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் இவருக்குக் கூரை, எனக்குத் தையல். நான் திரைச்சீலை தைப்பவள். ஜன்னல் அளவு எடுக்கப் போகும் வீடுகளில், "உங்க வீட்டுக்காரர்தான் எங்க கூரையைச் சரிபண்ணினார்" என்பார்கள். பெருமையாக இருக்கும், முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் ஐந்து நிமிஷ வேலைதானே என்று ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறினார். ஏணி சறுக்கியது. இடுப்புக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இனி ஏணி ஏறக் கூடாது, தரைவரை குனியக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டேன். பதினோரு மாதம் அதில் உட்கார்ந்திருந்தார். முதல் மாதம் எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்து, "அந்தத் தகட்டுல ஸ்க்ரூ கழண்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் சொல்வதில்லை. நான் வாயாடி, இவரும் சளைத்தவர் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் திருப்பிக் கொடுத்த மனிதர், நான் என்ன கத்தினாலும் "சரி" என்றார். சாப்பிடுங்க, சரி. படுங்க, சரி. சண்டைக்கு வாங்களேன் என்று கெஞ்சாத குறை. அதற்கும் ஒரு சரி. அந்த நாற்காலியை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான். இவரை அது விழுங்கிவிடும் என்று பயந்தேன்.

கொழுந்தனார் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். புது ட்ரோன் வாங்கியதும் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, சும்மா பறக்க விட்டுப் பாரு" என்று எங்கள் வாசலில் கிளப்பினார். கூரைக்கு மேலே போய் நின்றதும் கையிலிருந்த திரையில் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. இவர் திரையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏய்! அந்த ஓரத்துத் தகடு தூக்கிக்கிட்டு நிக்குது பாரு. கூரைக்காரன் பொண்டாட்டின்னு பேரு, இத இத்தன நாளா நீ பாக்கவே இல்லையா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இவர் என்னைத் திட்டிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அனுமதி, பயிற்சி எல்லாம் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார். இவர் மேலேயிருந்து படம் எடுத்து, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று குறித்துக் கொடுப்பார். வேறு ஆட்கள் ஏறி அடைப்பார்கள். வேன் ஓட்டக் கற்றுக்கொண்டேன், திரைச்சீலைத் தையலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். என் அளவு நோட்டில் ஒருத்தர் வீட்டு ஜன்னல் அகலத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் பாடமும் ஏறியது. தொடர்பு அறுந்தால் தானாகவே வீடு திரும்பிவிடும், அப்புறம் எப்படித் தொலையும் என்று நான் ஒரு நாள் கேட்டதால் வந்த பாடம்.

"அதுக்கு வீடுன்னு ஒண்ணு தெரியவே தெரியாது. கெளம்பறதுக்கு முன்னாடி வானத்துல இருக்கற செயற்கைக்கோளுங்கள விசாரிச்சு, 'இப்ப நான் இங்க இருக்கேன்'னு ஒரு புள்ளி குறிச்சுக்கும். அந்தப் புள்ளிதான் அதுக்கு வீடு. குறிக்கறதுக்குள்ள அவசரப்பட்டுக் கெளப்புனோம்னா, எங்க திரும்பறதுன்னே தெரியாம முழிக்கும்."

ஆகவே ஒவ்வொரு தடவையும் இவர் கேட்பார்: "குறிச்சிருச்சா?" திரையைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்: "குறிச்சிருச்சு." என் வாயால் சொன்னால்தான் கிளப்புவார். கல்யாணத்தன்றுகூட இத்தனை தடவை என் சம்மதம் கேட்கவில்லை.

நடுவில் கூத்துக்கும் குறைவில்லை. ஒரு தடவை வெயில் தாங்காமல், அது பறந்துகொண்டிருக்கும்போதே வேனை மரத்தடிக்கு நகர்த்தி, அது கிளம்பி இறங்கும் விரிப்பையும் எடுத்துப் போய்விட்டேன். திரும்பி வந்த ட்ரோன் யாருமில்லாத வெயிலில், பழைய இடத்தில் அழகாக இறங்கியது. "வீடு மாத்துனா அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்று சிரித்தார். கொழுந்தனாரோ, திரும்பும் உயரத்தை இருபது மீட்டர் என்று வைத்துவிட்டு, முப்பது மீட்டர் புகைபோக்கிக்குப் பின்னால் அனுப்பினார். அது நேராக வந்து மோதியது. காற்று வாக்கில் குஷியாகப் போய், திரும்பும்போது எதிர்க்காற்றில் பேட்டரி செத்து விழுந்ததும் ஒன்று உண்டு. அதனால் எங்கள் வேலையில் சுற்றுப்புறத்திலேயே உயரமான கட்டடத்துக்கும் மேலேதான் திரும்பும் உயரம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று. பேட்டரி பாதிக்கு வந்தால் திரும்பிவிட வேண்டும். அதன் வயிற்றில் என் போன் நம்பரையும் ஒட்டிவைத்தோம்.

இரும்புக்குப் பக்கத்தில் கிளப்பாதே என்றும் ஒரு பாடம் உண்டு. அதை நான் சரியாகக் கேட்கவில்லை.

விரிப்பு தரையில் இருந்தால் இவர் குனிய வேண்டும். குனிந்தால் இடுப்பு சுள்ளென்று பிடிக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அதனால் ஒரு மர முக்காலியில் வைத்துக் கிளப்பினோம். பெரிய கிடங்கு ஒன்றைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் முக்காலியின் கால் ஒடிந்தது. யோசித்தேன். துணி தேய்க்கும் என் இஸ்திரி மேசை, மடக்கினால் வேனில் அடங்கும், நிமிர்த்தினால் இவர் இடுப்பளவு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது! ஆரஞ்சுத் துணியில் கால்வரை தொங்கும்படி உறை தைத்துப் போட்டேன். நானே மெச்சிக்கொண்டேன்.

கிடங்கு வாசலில் அதைப் பார்த்து, "நல்லாருக்கே, எதுல செஞ்சது?" என்று கேட்டார்.

வழியெல்லாம் நெரிசலில் வேன் ஓட்டிய எரிச்சல் எனக்கு. "கெடச்சத வச்சு வேலையப் பாருங்க. எதுக்கெடுத்தாலும் கேள்வி" என்று விழுந்தேன். இவர் பேசாமல் ட்ரோனை அதன்மேல் வைத்தார்.

"குறிச்சிருச்சா?"

"குறிச்சிருச்சு" என்றேன். குறித்துத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் திரையில் மஞ்சளாக ஒரு கட்டம் வந்து நின்றது. திசைகாட்டி, என்னமோ, ஏதோ என்று எழுதியிருந்தது. தினமும் வரும் ஏதோ ஒரு அறிவிப்பு என்று விரலால் தள்ளிவிட்டேன்.

பறந்தது. கொஞ்ச நேரத்திலேயே இவர் முகம் மாறியது. "நேராத் தள்ளுறேன், கோணலாப் போகுது" என்று முனகினார். கிடங்குக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில் போனதும் திரை உறைந்தது. "பரவால்ல, தானா வந்துரும்" என்றார். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கழுத்து வலித்தது. வரவேயில்லை.

அன்றும் மறுநாளும் காற்று தள்ளிய கிழக்குப் பக்கமாகத் தெருத் தெருவாகத் தேடினோம். முள்வேலி, சாக்கடை, கார் நிறுத்துமிடம் ஒன்றும் பாக்கியில்லை. என் போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுப்பேன். எடுத்தால் ஒரு அம்மா, "என் திரைச்சீலை என்னாச்சு?" என்பார்.

இரண்டாம் நாள் மாலை, போனில் பதிவாகியிருந்த பறந்த பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் கோணலாப் போயிருக்கு பாரு. அதோட தப்பு இல்ல. என் கைதான். கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, எனக்கே தெரியல. தம்பிகிட்ட சொல்லிடு, இனி நமக்கு இது வேணாம்."

எழுந்து போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். "சாப்பிட வாங்க" என்றேன்.

"சரி" என்றார்.

அந்த ஒரு சொல்லில் பழைய பதினோரு மாதமும் திரும்பி வந்துவிட்டது. இரும்பு மேசை, மஞ்சள் கட்டம் இரண்டும் முதல் நாளே என் மனதை அரித்துக்கொண்டுதான் இருந்தன. சொன்னால் என்ன நினைப்பாரோ என்று வாயைப் பூட்டியிருந்தேன். ஊரெல்லாம் நியாயம் பேசுகிறவள், என் தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் நாக்கு வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதுகிறேன்.

காலையில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "உங்க கை இல்லங்க. நான்தான்."

"என்ன?"

"அந்த மேசை. உறைக்குள்ள இருந்தது என் இஸ்திரி மேசை."

"அது இரும்பாச்சே."

"காலு, சட்டம், மேல இருக்கற வலை எல்லாமே. திரையில மஞ்சளா ஒண்ணு வந்துச்சு. நான் தள்ளி விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லல."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அறிவிருக்காடி ஒனக்கு? இரும்பு மேல வச்சா கெளப்புன? எதுல செஞ்சதுன்னு நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க. நான்தான் உங்க வாய மூட வச்சேன்."

"ரெண்டு நாளா ஊரு பூரா சாக்கடையில தேடினோமே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? தண்ணி விழற எடத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்!" அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். இத்தனை வருஷத்தில் திட்டு வாங்கி நான் சந்தோஷப்பட்டது இது இரண்டாவது தடவை.

கத்தி முடித்ததும் என் தையல் மேசையருகே வந்தார். "அதுக்குள்ள ஒரு சின்னத் திசைகாட்டி இருக்கு. இரும்பு பக்கத்துல இருந்தா வடக்கு எதுன்னு கொழம்பிப்போகும். தான் நிக்கற எடம் அதுக்குச் சரியாத் தெரியும். மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னுதான் தப்பா நெனச்சுக்கும். வீட்டப் பாத்து வர்றதா நெனச்சுக்கிட்டு வேற பக்கம் பறந்திருக்கும்."

"எந்தப் பக்கம்?"

பதிலுக்கு அவர் தன் கையையே பார்த்தார். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று தெரிந்தது. பாதை பதிவான போனை நான் வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது. இதைப் பார்க்கத் தையல்காரி வேண்டும்.

"என்னங்க, துணி வெட்டறப்ப கை நடுங்குனா கோடு வளையும். ஒரு தடவை இந்தப் பக்கம் போகும், ஒரு தடவை அந்தப் பக்கம் போகும். இங்க பாருங்க. நீங்க தள்ளுன ஒவ்வொரு தடவையும் ஒரே சாய்வு. இடது பக்கமா, அதே அளவு. இது சாஞ்ச கோடுதான், ஆனா வளையாத கோடு. நடுங்கற கைக்கு இப்படிப் போட வருமா?"

போனைக் குனிந்து பார்த்தார். பிறகு, "உன் சாக்கட்டிய எடு" என்றார்.

துணிக்கு அளவு மாதிரி வெட்டும் பழுப்புத் தாளை விரித்தேன். கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, நாங்கள் நின்ற இடம் மூன்றையும் ஊர் வரைபடத்தைப் பார்த்து அளவோடு குறித்தோம். தொட்டியிலிருந்து எங்களை நோக்கி ஒரு கோடு இழுத்தார். அதிலிருந்து அதே சாய்வுக்கு என் மூலைமட்டத்தை வைத்து இன்னொரு கோடு நான் இழுத்தேன். அது போனது கிழக்கே இல்லை, வடக்கே. காற்று தள்ளியதற்குக் கொஞ்சம் கிழக்காக வளைத்தார். தொடர்பு அறுந்தபோது பேட்டரி எவ்வளவு மிச்சம், அது எத்தனை நிமிஷம் தாங்கும், தீரப்போகும்போது, இருக்கிற இடத்திலேயே இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டு ஒரு வட்டம் வரைந்தார். வட்டத்துக்குள் பெரியதாக இருந்தது ஒன்றே ஒன்று, பஸ் டெப்போ.

"கூரை மேல கெடக்கு. அதான் யாரும் போன் பண்ணல. கூரைய எவன் பாக்கறான்?" என்றார்.

வேனில் போய்ச் சேர்ந்தபோது வடமேற்கில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டெப்போ மேலாளர் அம்மா நல்லவர், ஆனால் கையை விரித்தார். ஏணி இருக்கிறது, ஏறுகிற ஆள் நாலு மணிக்குத்தான் வருவான். நாலு மணிவரை மழை காத்திருக்காது, நனைந்தால் அதற்குப் பிறகு கிடைத்தும் பயனில்லை. இவர் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை எடுத்து வைத்துவிடுவாரோ என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

"நான் ஏறறேன்."

இவர் விழுந்த நாளிலிருந்து ஏணியைக் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போகிறவள் நான். இவருக்கும் அது தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. டெப்போவிலிருந்து கயிறு வாங்கி என் இடுப்பில் கட்டினார், மறுமுனையைத் தூணில் சுற்றிக் கட்டி இழுத்துப் பார்த்தார். ஏணியின் அடியை இரண்டு செருப்புக் கால்களாலும் அணைத்து, பக்கங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறு. கீழ பாக்காத."

ஏறினேன். கூரை விளிம்புக்கு மேலே தலை போனதும் பார்த்தேன். வரிவரியாகத் தகடுகள், மேலே மேகம். பத்தடி தூரத்தில் மல்லாந்து கிடந்தது, நாலு கைகளையும் விரித்துக்கொண்டு. வயிற்றில் என் போன் நம்பர்.

"இருக்குங்க! இருக்கு!"

"சந்தோஷத்துல ஓடாத! ஸ்க்ரூ வரிசை தெரியுதா? அது மேலயே கால் வை. அதுக்கு அடியிலதான் இரும்புச் சட்டம் போகுது. நடுத்தகட்டுல மிதிச்சா உள்ள போயிருவ."

பார்க்காமலே சொன்னார். தவழ்ந்துதான் போனேன், மானம் மரியாதை பார்க்கவில்லை. அவர் சொன்ன இடத்திலெல்லாம் கால் உறுதியாக நின்றது. ஒரு இறக்கை ஒடிந்திருந்தது, மற்றபடி உடம்பு முழுசாகத்தான் இருந்தது. முந்தானையில் போட்டு முடிந்துகொண்டு திரும்பினேன். முதல் துளி என் கையில் விழுந்தது.

இறங்கும்போது ஏணியைத் தொட்டேன். காற்று பலமாக அடித்தது. கூரைத் தகடுகள் படபடத்தன, என் சேலை படபடத்தது. ஏணி மட்டும் துளிகூட ஆடவில்லை. ஒவ்வொரு படியிலும் அதைக் கால் உணர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன, அழறியா?"

"உங்க கை நல்லாத்தாங்க இருக்கு."



கடைசிப் படியிலிருந்து இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. மேலாளர் அம்மா உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார். இவர் ஏணியைப் பிடித்தபடியே நின்றார், தண்ணீர் முகத்தில் வழிந்தது. எது மழை, எது கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

"அதான் எறங்கிட்டேன்ல, விடுங்க."

"ரெண்டு காலும் தரையில இருக்கா? வாயால சொல்லு."

"இருக்குங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் ஏணியை விட்டார்.